தொழில் வேந்தர் லீ பியுங் சுல்

ஆசியாக் கண்டத்தின் கிழக்கோரத்தில், கடலை நோக்கி நீட்டிய கைபோல் அமைந்திருப்பது கொரியத் தீபகற்பம். மலைகள் மிகுந்தது, விளைநிலம் குறைந்தது. 1945-ஆம் ஆண்டில் அந்நாடு வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தபோது, நிலக்கரியும் இரும்பும் மின்னாற்றலும் பெரும்பாலும் வடபகுதியிலேயே நின்றுவிட்டன. 1950 முதல் 1953 வரை நடந்த கொடும்போர், தெற்கே எஞ்சியிருந்த ஆலைகளையும் பாலங்களையும் அழித்தது. 1960-ஆம் ஆண்டையொட்டித் தென்கொரியாவில் ஆள் ஒன்றுக்குக் கிடைத்த ஆண்டு வருவாய் சராசரியாக 100 அமெரிக்க டாலரைக்கூட எட்டவில்லை. அத்தகைய நாடு, முப்பதாண்டுகளுக்குச் சற்றே மிகுந்த காலத்திற்குள், கணிப்பொறிகளின் நினைவுச் சில்லுகளை ஆக்குவதில் உலகின் முன்வரிசையில் போய் நின்றது.

இந்த மாற்றத்தை ஒரு மனிதர் தனித்து நிகழ்த்தினார் என்று கூறுவது பொருந்தாது. அரசு கடன் கொடுத்தது. அறிஞர்கள் அயல்நாடுகளிலிருந்து திரும்பி வந்தனர். ஆலைத் தொழிலாளர் இரவு பகலாய் உழைத்தனர். எனினும், வெற்றி கிட்டும் என்று பலரும் நம்பாத காலத்தில், தாம் வாழ்நாள் முழுதும் ஈட்டிய பொருளையெல்லாம் இத்தொழிலில் இடத் துணிந்தவர் ஒருவர் உண்டு. அவரே சாம்சங் நிறுவனத்தைத் தோற்றுவித்த லீ பியுங் சுல்.

இவர் 1910-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள், கொரியாவின் தென்பகுதியில் உள்ள உய்ரியோங் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே கொரியா முழுவதையும் ஜப்பான் தன் ஆட்சிக்குள் அடக்கிக்கொண்டது. ஆகவே இவர் தம் முப்பத்தைந்தாம் வயது வரையில் அடிமை நாட்டின் குடிமகனாகவே வாழ நேர்ந்தது. குடும்பம் நிலபுலங்கள் நிறைந்த பழங்குடும்பம். பாட்டனார் கல்வியில் பற்றுடையவர்; நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியைப் போன்றதொரு பள்ளியை ஊரிலே அமைத்திருந்தார். சிறுவர் லீ அங்கே சீன எழுத்துகளைக் கற்றார். கன்பூசியசு என்னும் சீனப் பெரியாரின் அறவுரைகளை மனப்பாடம் செய்தார். முதுமைக் காலத்தும் அந்நூலே தம் உள்ளத்தைப் பெரிதும் உருவாக்கியது என்று அவர் சொல்வதுண்டு.

பின்னர்ச் சியோல் நகரத்துப் பள்ளிகளிலும், 1930-ஆம் ஆண்டு முதல் ஜப்பானியத் தலைநகரான தோக்கியோவில் உள்ள வாசெடா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். ஆயினும் நோய் வந்து வருத்தியமையால், பட்டம் பெறாமலே ஊர் திரும்பினார்.

ஊர் திரும்பியவர் உடனே பெருஞ்செயல் எதிலும் இறங்கிவிடவில்லை. மணமானவர், மக்களும் பிறந்திருந்தனர். இருந்தும் செய்தொழில் ஏதுமின்றி, நண்பர்களோடு கூடிச் சூதாட்டத்தில் இரவுகளைக் கழித்தார். ஒரு நாள் நள்ளிரவு கழிந்து வீடு வந்தார். சாளரத்தின் வழியே நிலவொளி பாய்ந்து, உறங்கும் தம் குழந்தைகள் மூவரின் முகத்தின்மேல் விழுந்திருந்தது. அக்காட்சியைக் கண்டு அங்கேயே நின்றார். வீணே கழித்த நாள்கள் அனைத்தும் நினைவிற்கு வந்தன. அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. ஏதேனும் ஒரு தொழிலைத் தொடங்குவது என்று விடிவதற்குள் முடிவு செய்துவிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

தந்தையார் பிரித்துக் கொடுத்த பங்கைக்கொண்டு, நண்பர் இருவரோடு சேர்ந்து, 1936-ஆம் ஆண்டில் மாசான் துறைமுகத்தில் நெல் அரைக்கும் ஆலை ஒன்றை நிறுவினார். சரக்குந்து வணிகமும் நடத்தினார். ஆதாயம் வந்தது, ஆசையும் உடன் வளர்ந்தது. வங்கியில் கடன் பெற்று நிலங்களை வாங்கினார்; அந்நிலத்தை ஈடு காட்டி மேலும் கடன் பெற்று, மேலும் நிலம் வாங்கினார். ஓராண்டுக்குள் பெருநிலக்கிழாராகிவிட்டார். 1937-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டது. வங்கிகள் கடன் கொடுப்பதை நிறுத்தின. நிலத்தின் விலை சரிந்தது. ஆலை, சரக்குந்து, நிலம் ஆகிய அனைத்தையும் விற்றே கடனை அடைக்க வேண்டியதாயிற்று. காலத்தின் போக்கை அறியாமல் கடன்மேல் கடன் வாங்கிய பிழையே இதற்குக் காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை. பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதியபோது இத்தோல்வியை விரிவாகவே எழுதினார்.

கையில் எஞ்சிய சிறு பொருளோடு அவர் கொரியாவிலும் மஞ்சூரியாவிலும் சீனாவிலும் ஊர் ஊராகச் சுற்றினார். எந்தச் சந்தையில் எப்பொருளுக்குத் தேவை மிகுதி என்பதைக் கண்ணால் கண்டு குறித்துக்கொண்டார். பின்பு 1938-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், டேகு நகரில் 30,000 வொன் முதலோடு ஒரு வணிக நிலையத்தைத் திறந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் சாம்சங் என்பது. மூன்று விண்மீன்கள் என்பது அதன் பொருள். கருவாடு, காய்கறி, பழம் ஆகியவற்றை மஞ்சூரியாவுக்கு அனுப்புவதும், மாவரைத்து நூடுல்ஸ் செய்து விற்பதும் அந்நிலையத்தின் தொழில். பிற்காலத்தில் உலகெங்கும் சில்லுகளை விற்ற நிறுவனத்தின் தொடக்கம் கருவாட்டுக் கூடையும் மாவு மூட்டையுமே என்பதை நினைந்தால் வியப்புத் தோன்றும்.

நாடு விடுதலை பெற்ற பின்னர் லீ சியோலுக்குக் குடிபெயர்ந்து ஏற்றுமதி இறக்குமதி வணிகத்தைப் பெருக்கினார். 1950-ஆம் ஆண்டு சூன் திங்களில் போர் மூண்டு, சில நாள்களிலேயே வடபடை சியோலைக் கைப்பற்றியது. கிடங்கிலிருந்த சரக்கு முழுவதும் பறிபோயிற்று. மீண்டும் வெறுங்கையராய்த் தெற்கே வந்தார். அங்கே ஒரு நற்செய்தி காத்திருந்தது. டேகு நகரில் அவருக்கு உரிமையான மதுவடிசாலை ஒன்று இருந்தது. அதனை நடத்திவந்த ஊழியர்கள், முதலாளி உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாத நாள்களிலும், வந்த ஆதாயத்தை ஒரு காசும் குறையாமல் சேர்த்து வைத்திருந்து அவரிடம் ஒப்படைத்தனர். அப்பொருளே புசான் துறைமுகத்தில் அவர் மீண்டும் வணிகம் தொடங்க முதலாயிற்று. ஒருவரை ஐயுற்றால் வேலைக்கு அமர்த்தலாகாது, அமர்த்தினால் ஐயுறலாகாது என்பதை அவர் தம் நெறியாகக் கொண்டது இவ்வனுபவத்தால் மேலும் உறுதிப்பட்டது. 1957-ஆம் ஆண்டு முதல், உறவும் பரிந்துரையும் பாராமல் பொதுத்தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் முறையைத் தம் நிறுவனத்தில் கொண்டுவந்தார். நேர்காணலில் தாமே அமர்ந்து இளைஞர்களைத் தேர்ந்தார்.

போரினால் பொருள்களுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தமையால் இறக்குமதி வணிகத்தில் ஓராண்டிலேயே பெருஞ்செல்வம் சேர்ந்தது. அவ்வழியே நின்றிருந்தால் அவர் செல்வராய் வாழ்ந்து மறைந்திருப்பார். வரலாறு அவரை அறிந்திராது. ஆனால் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அயல்நாட்டுச் சரக்கை வாங்கி விற்பதால் வணிகர் வளரலாம்; நாடு வளருமா? மக்கள் உண்ணும் சர்க்கரையையும் உடுக்கும் துணியையும் நாட்டிலேயே செய்தால் அன்றோ அயல்நாட்டுக்குப் போகும் பணம் நிற்கும்? உடனிருந்தோர் பலர் தடுத்தனர். பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் வீழ்ந்துகொண்டிருந்த அக்காலத்தில் ஆலையில் முதலிடுவது அறியாமை என்றனர். லீ கேட்கவில்லை.

1953-ஆம் ஆண்டில் புசானில் சர்க்கரை ஆலை எழுந்தது. இயந்திரங்கள் ஜப்பானிலிருந்து வந்தன. ஆனால் அவற்றைப் பொருத்தித் தரும் வல்லுநர் வரவில்லை. ஜப்பானியர் நாட்டுக்குள் வருவதை அப்போதைய கொரிய அரசு விரும்பாமையே காரணம். ஆதலால், ஐயம் தோன்றும்போதெல்லாம் கடிதம் எழுதியும் தொலைபேசியில் வினவியும், கொரியத் தொழிலாளரே இயந்திரங்களைப் பொருத்தி முடித்தனர். அவ்வாண்டு நவம்பரில் வெண்சர்க்கரை வெளிவந்தது. விலை இறக்குமதிச் சர்க்கரையினும் மிகக் குறைவு. அக்குறைவே முதலில் இடையூறாயிற்று. நம் நாட்டார் செய்தது, அதனாலேயே மலிவு என்று மக்கள் வாங்கத் தயங்கினர். சில திங்களில் ஐயம் நீங்கியது. மறு ஆண்டு டேகு நகரில் கம்பளித் துணி ஆலைக்கு அடிகோலினார். இங்கிலாந்துத் துணிக்கு ஈடாகக் கொரியரால் நெய்ய இயலாது என்ற பேச்சு அதனோடு ஓய்ந்தது.

1961-ஆம் ஆண்டில் படைத்தலைவர் பார்க் சுங் ஹீ ஆட்சியைக் கைப்பற்றினார். முந்திய ஆட்சியில் முறையற்ற வழியில் பொருள் சேர்த்தோர் என்று செல்வர் பலர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அப்பட்டியலில் தலைமை இடம் லீயின் பெயருக்கே. தோக்கியோவில் இருந்த அவர் நாடு திரும்பிப் புதிய தலைவரைச் சந்தித்தார். செல்வரைச் சிறையில் அடைப்பதைக் காட்டிலும் அவர்களை ஆலைகள் நிறுவச் செய்வதே நாட்டிற்கு நலம் என்பது அவர் எடுத்துரைத்த கருத்து. அரசும் அதற்கு இசைந்தது. தொழிலதிபர்களின் கூட்டமைப்பு ஒன்று தோன்றியது. லீ அதன் முதல் தலைவரானார். அரசும் பெருந்தொழில் நிறுவனங்களும் கைகோத்து நடக்கும் கொரியத் தொழில்முறை உருவானது இக்காலத்திலேதான். அம்முறையால் விளைந்த நன்மையும் பெரிது, தீமையும் சிறிதன்று.

அத்தீமைக்கு லீயின் வாழ்விலேயே சான்று உண்டு. உல்சான் நகரில் உலகிலேயே மிகப் பெரிய உர ஆலைகளுள் ஒன்றை அவர் கட்டிக்கொண்டிருந்தார். உணவுக்கு ஏங்கிய நாட்டில் உரம் எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1966-ஆம் ஆண்டில், ஆலைக்குரிய கட்டுமானப் பொருள்கள் என்ற போர்வையில் சாக்கரின் என்னும் செயற்கை இனிப்புப் பொருள் கள்ளத்தனமாக இறக்குமதி செய்யப்பட்டது வெளிப்பட்டது. நாடே கொதித்தது. நாடாளுமன்றத்தில் பெருங்கலகம் மூண்டது. லீயின் இரண்டாம் மகன் சிறை புகுந்தார். லீ அந்த உர ஆலையை அரசுக்கே விட்டுக்கொடுப்பதாக அறிவித்துத் தொழில்களிலிருந்து விலகினார். நாட்டின் முதற்பெருஞ்செல்வரின் பெயர் மக்கள் நாவில் இழிபெயராயிற்று. அக்கறையை எளிதில் துடைத்துவிட முடியவில்லை. அவர்தம் நிறுவனங்களில் தொழிலாளர் சங்கம் அமைய அவர் இறுதிவரை இடந்தராததும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. பெரியோர் வாழ்விலும் மறைக்கத்தகாத பகுதிகள் இவ்வாறு உள்ளன.

ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் அவர் மீண்டும் தலைமை ஏற்றார். 1969-ஆம் ஆண்டில் மின்னணுத் தொழிலில் இறங்கி, சூவோன் நகரில் பரந்த நிலத்தை வாங்கினார். சான்யோ என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் துணையோடு தொலைக்காட்சிப் பெட்டிகள் செய்யத் தொடங்கினார். முன்னரே அத்தொழிலில் இருந்தோர் கடுமையாக எதிர்த்தனர். செய்த பொருள்களை அயல்நாட்டுக்கே அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு அரசு இசைவளித்தது. சாம்சங் தொலைக்காட்சிப் பெட்டிகள் கப்பலேறின. ஆனால் பெட்டியின் உயிராய் உள்ளே இருக்கும் நுண்ணுறுப்புகள் எல்லாம் ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரவேண்டியிருந்தன. அவற்றை அனுப்புவோர் காலந்தாழ்த்தினால் ஆலை நின்றது. விலையை உயர்த்தினால் ஆதாயம் போயிற்று.

அந்நுண்ணுறுப்புகளின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வது நலம். செம்பு மின்சாரத்தைக் கடத்தும், கண்ணாடி கடத்தாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய், வேண்டும்போது கடத்தியும் வேண்டாதபோது தடுத்தும் நிற்குமாறு ஆளத்தக்க பொருள் குறைகடத்தி எனப்படும். மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் சிலிக்கன் அவ்வகையது. குறைகடத்தியால் ஆன டிரான்சிஸ்டர் 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தது. 1958-ஆம் ஆண்டு முதல் ஒரே துண்டில் பல உறுப்புகளைச் சேர்த்தமைக்கும் கலை வளர்ந்தது. பளிங்குபோல் தேய்த்த சிலிக்கன் தகட்டின்மேல், புகைப்படம் அச்சிடுவதைப்போல் ஒளியின் துணையால் நுண்கோடுகளைப் பதித்து, அடுக்கடுக்காகச் சுற்றுகளை அமைப்பர். அங்கே ஒரு தூசு விழுந்தாலும் பல நாள் உழைப்பு வீணாகும். ஆலைக்குள் காற்றை வடிகட்ட வேண்டும்; நீரைத் தூய்மையினும் தூய்மையாக்க வேண்டும்; தரை சிறிதும் அதிரலாகாது.

இவ்வாறு செய்யப்படுவனவற்றுள் ஒன்றே நினைவுச் சில்லு. அதன் ஒவ்வொரு நுண்ணறையிலும் சிறிதளவு மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லையேல் சுழி என்று கணிப்பொறி கணக்கிடும். ஓட்டைக் குடத்து நீர்போல அம்மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்குமாதலால், நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதனை மீண்டும் நிரப்ப வேண்டும். 64 கே எனப்படும் சில்லில் இத்தகைய அறைகள் 65,536. விரல் நகத்தினும் சிறிய இடத்தில் இவை அனைத்தும் அடங்கிவிடும். 1980-களின் தொடக்கத்தில் இதனைச் செய்யவல்ல நாடுகள் அமெரிக்காவும் ஜப்பானுமே.

1974-ஆம் ஆண்டின் இறுதியிலேயே சாம்சங் இத்துறையில் காலடி வைத்திருந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய கொரிய அறிஞர் ஒருவர் புச்சோன் என்னும் ஊரில் தொடங்கிய சிறு நிறுவனம் பணமுடையால் தத்தளித்தது. லீயின் மூன்றாம் மகன் லீ குன் ஹீ அதன் பாதிப்பங்கை வாங்குவதில் முனைந்து நின்றார். கைக்கடிகாரங்களுக்குரிய எளிய சில்லுகளே அங்குச் செய்யப்பட்டன. ஆண்டுதோறும் இழப்பே கண்டது. தந்தையாருக்கும் தொடக்கத்தில் இதில் பெருநம்பிக்கை இல்லை. 1976-ஆம் ஆண்டில் அவர் இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் செய்துகொண்டு உயிர் தப்பியிருந்தார். ஓய்ந்திருக்க வேண்டிய வயது.

1982-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற லீ, அங்குள்ள கணிப்பொறி நிறுவனங்களையும் குறைகடத்தி ஆலைகளையும் நேரில் கண்டார். கப்பல் கப்பலாய் எண்ணெயும் இரும்புத் தாதும் வாங்க வேண்டாத தொழில் ஒன்று உண்டு. கைப்பிடி மணலின் விலையை மனித அறிவு பன்மடங்கு உயர்த்துகிறது. இயற்கை வளம் இல்லாத தம் நாட்டிற்கு இதனைக் காட்டிலும் ஏற்றது வேறில்லை என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1973-ஆம் ஆண்டு எண்ணெய் விலை ஏறியபோது நாடு பட்ட துன்பத்தை அவர் மறக்கவில்லை. நாடு திரும்பியதும் அறிக்கைகளைத் திரட்டச் செய்தார். அறிஞர்களை அழைத்துப் பேசினார். ஆண்டுத் தொடக்கத்தில் தோக்கியோ சென்று தங்கி, வல்லுநர்களைக் கண்டு ஆராய்ந்து முடிவெடுப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். அவ்வாறே 1983-ஆம் ஆண்டும் சென்றார்.

எண்ணிப் பார்த்த இரவுகள் பல. இழப்பு நேர்ந்தால் சர்க்கரையும் துணியும் தொலைக்காட்சியும் ஈட்டிய செல்வமெல்லாம் போகும். பல்லாயிரம் ஊழியர்களின் வாழ்வும் ஆடும். உள்நாட்டுச் சந்தை சிறியது, துணைத்தொழில்கள் இல்லை, சாலை முதலிய வசதிகள் போதா, நிறுவனம் பெரிதன்று, தொழில்நுட்பமோ குன்றியது என ஐந்து காரணங்களைக் காட்டி, சாம்சங் இத்தொழிலில் வெற்றி பெறாது என்று ஜப்பானிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று எழுதியது. காரணங்கள் ஐந்தும் பொய்யல்ல. கொரியாவிலும் அறிவுடையோர் பலர் அதையே கூறினர். பிப்ரவரி 8-ஆம் நாள் காலையில் லீ தோக்கியோவிலிருந்து சியோலுக்குத் தொலைபேசியில் பேசித் தம் முடிவைத் தெரிவித்தார். நினைவுச் சில்லு செய்யும் பெருந்தொழிலில் சாம்சங் இறங்கும் என்பதே அம்முடிவு. எழுபத்து மூன்று வயது நிறைவதற்கு அவருக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மார்ச்சுத் திங்களில் இச்செய்தி உலகறிய அறிவிக்கப்பட்டது.

முடிவு செய்தபின் அவர் காலந்தாழ்த்தியதில்லை. அமெரிக்க நிறுவனங்களில் பணியாற்றிய கொரிய அறிஞர்கள் அழைத்துவரப்பட்டனர்; நிறுவனத் தலைவர்க்கும் கிட்டாத ஊதியம் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. மைக்ரான் என்னும் அமெரிக்க நிறுவனத்திடம் 64 கே சில்லின் வடிவமைப்பை விலைக்கு வாங்கினர். வடிவமைப்புக் கிடைத்தாலும் அதனைச் செய்துமுடிக்கும் கைத்திறத்தைக் காசு கொடுத்துப் பெற இயலவில்லை. புச்சோன் ஆலையில் இளம்பொறியியலார் உறக்கத்தை மறந்து முயன்றனர். தொடங்குமுன் உறுதியின் அறிகுறியாக அவர்கள் 64 கிலோமீட்டர் தொலைவை இரவெல்லாம் நடந்து கடந்தனர். வேலை தொடங்கிய ஆறு திங்களில், செயற்படும் சில்லு அவர்கள் கையில் இருந்தது. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் இச்செய்தி வெளியானபோது ஜப்பானியரும் வியந்தனர். பத்தாண்டுக்கு மேற்பட்டிருந்த இடைவெளி நான்காண்டளவாகச் சுருங்கியது.

அதே வேளையில் சியோலுக்குத் தெற்கே கிஹூங் என்னுமிடத்தில் பேராலை எழுந்துகொண்டிருந்தது. தூய நீரும் மாசற்ற காற்றும் உள்ள இடம் என்பதால் அதனைத் தேர்ந்தனர். செப்டம்பரில் தொடங்கிய வேலை பனி உறைந்த குளிர்காலம் முழுதும் நடந்தது. இத்தகைய ஆலை கட்டிமுடிக்க ஒன்றரை ஆண்டாவது ஆகும் என்பது பிறநாட்டார் கணக்கு. ஆறு திங்களில் முடிக்க வேண்டும் என்பது லீயின் ஆணை. இரவிலும் விளக்கொளியில் வேலை நடந்தது. முதியவர் அடிக்கடி வந்து பார்த்தார். 1984-ஆம் ஆண்டு மார்ச்சில் ஆலை நிறைவெய்தியது. அங்கு உழைத்தோர் பட்ட பாட்டைக் கணக்கிட்டு எழுதியவர் இல்லை.

இனி எல்லாம் நன்மையாகவே முடியும் என்று எவரும் எண்ணியிருப்பர். ஆலை ஓடத் தொடங்கிய நேரத்திலேயே பேரிடி விழுந்தது. ஜப்பானிய நிறுவனங்கள் சில்லுகளைச் சந்தையில் கொண்டுவந்து குவித்தன. 1984-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்று டாலருக்கு மேல் விற்ற 64 கே சில்லு, 1985-ஆம் ஆண்டின் நடுவில் ஏறத்தாழ 30 சென்டுக்கு வீழ்ந்தது. அதனைச் செய்ய சாம்சங்குக்கு ஆன செலவோ ஒன்றரை டாலருக்கு மேல். ஒவ்வொரு சில்லை விற்கும்போதும் ஒரு டாலருக்கு மேல் இழப்பு! நினைவுச் சில்லுத் தொழிலில் முன்னோடியான இன்டெல் நிறுவனமே 1985-ஆம் ஆண்டில் அத்தொழிலைக் கைவிட்டது. போதாக்குறைக்கு, டெக்சாசு இன்சுட்ருமெண்ட்சு என்னும் அமெரிக்க நிறுவனம் 1986-இல் சாம்சங்மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தது. பெரும்பொருள் கொடுத்தே அவ்வழக்கைத் தீர்க்க நேர்ந்தது. ஆண்டுதோறும் சேர்ந்த இழப்பு ஏறத்தாழ 13,000 கோடி வொன் அளவிற்கு உயர்ந்தது. சாம்சங் நிறுவனம் முழுவதுமே இதனால் மூழ்கிப்போகும் என்ற பேச்சு எங்கும் எழுந்தது.

இந்நிலையில் மற்றொருவர் என்ன செய்திருப்பார்? செலவைக் குறைத்து, விலை ஏறும் வரையில் காத்திருந்திருப்பார். அதுவே வணிகர் அறிந்த வழி. லீ அதற்கு மாறாக நடந்தார். 1984-ஆம் ஆண்டிலேயே 256 கே சில்லும், 1986-ஆம் ஆண்டில் ஒரு மெகா சில்லும் செய்துமுடிக்குமாறு ஊக்கினார். இரண்டாம் உற்பத்திக் கூடத்தையும் கட்டினார். இத்தொழிலில் ஆலை கட்டி ஆள்களைப் பழக்கவே நெடுங்காலம் செல்லும். விலை உயர்ந்தபின் கட்டத் தொடங்குகிறவன், விலை மீண்டும் வீழும்போதே கட்டி முடிப்பான். பிறர் அஞ்சி நிற்கும் காலத்தில் கட்டியவனே விலை ஏறும்போது சரக்கோடு நிற்பான். மாசானில் நிலம் வாங்கி அழிந்த இளைஞரும் இவரே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்று காலத்தின் போக்கை எண்ணிப் பாராமல் கடன்பட்டார். இன்று அப்போக்கைத் திங்கள்தோறும் கணக்கிட்டுக் கடன்பட்டார். இருமுறையும் துணிவு ஒன்றே. இரண்டாம் முறையும் அவர் கணக்குப் பொய்த்திருந்தால் உலகம் அவரைப் பேராசைக்காரர் என்றே பேசியிருக்கும்.

1986-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஜப்பானியர் சில்லுகளை அடக்கவிலைக்கும் குறைவாக விற்பது அதனால் தடைப்பட்டது. விலை மெல்ல ஏறும் அறிகுறி தோன்றியது. எனினும் இழப்பில் நொந்திருந்த நிருவாகிகள் மூன்றாம் கூடம் கட்டத் தயங்கினர். உடனே கட்டுமாறு லீ வற்புறுத்தினார். அப்போது நுரையீரலில் புற்றுநோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. உடல் மெலிந்தது, நாள்கள் எண்ணப்பட்டுவிட்டன என்பதை அவரும் அறிவார். 1987-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிஹூங்கில் மூன்றாம் கூடத்திற்கு அடிகோலப்பட்டது. நவம்பர் 19-ஆம் நாள் லீ பியுங் சுல் சியோலில் உயிர் நீத்தார். அன்று வரையில் குறைகடத்தித் தொழிலின் கணக்கேட்டில் அவர் கண்டது பெரும்பாலும் இழப்பே.

அடுத்த ஆண்டு, 1988. வீடுகளிலும் அலுவலகங்களிலும் கணிப்பொறிகள் பெருகின. ஜப்பானிய நிறுவனங்கள் புதிய ஒரு மெகா சில்லுக்குத் திரும்பிவிட்டமையால், 256 கே சில்லுகளுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. விலை கிடுகிடுவென ஏறியது. கிஹூங் ஆலை இரவு பகல் ஓய்வின்றி ஓடியது. அதுவரை சேர்ந்த இழப்பு முழுவதையும் அந்த ஓராண்டின் ஆதாயமே ஈடுசெய்து மிஞ்சியது. தந்தையாருக்குப் பின் தலைமையேற்ற லீ குன் ஹீ முதலீட்டை நிறுத்தவில்லை. 1992-ஆம் ஆண்டில் 64 மெகா சில்லை உலகிலேயே முதன்முதலாகச் செய்துகாட்டியது சாம்சங். ஒன்பதாண்டுகளுக்கு முன் புச்சோனில் செய்த முதற்சில்லைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் நினைவில் வைக்கவல்லது அது. யோங்கின் என்னுமிடத்தில், தாம் திரட்டிய கலைப்பொருள்களுக்காக அவரே எழுப்பிய காட்சிசாலையின் அருகில், மரங்கள் சூழ்ந்த குன்றின் சாரலில் அப்பெரியார் அடக்கம் செய்யப்பட்டு அப்போது ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.